கொள்ளு வறுபட்ட வாசனை

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில் ராசிபுரம் பக்கம் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் இருக்கும். நான் கார் பந்தயத்துக்குப் போனவள் என்று சொன்னால் என் பேத்திகள் இன்றைக்கும் நம்புவதில்லை. நீங்கள் ஓட்டினீர்களா என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். ஓட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்துக் கப்பி ரோட்டில் ஒரு பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய வேலை என்று.

என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் ஒரே பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர்கள். இரண்டு பேருமே காட்டில் ஏர் ஓட்டுகிற வேலையை விட்டுவிட்டு ஸ்பானரைப் பிடித்தவர்கள். அந்தச் சிநேகத்தில்தான் அண்ணன் என்னை இவருக்குக் கட்டி வைத்தார். பிறகு இருவரும் கூட்டாகச் சேலத்தில் ஒரு பட்டறை போட்டார்கள். பழைய சீமைக் கார் ஒன்றை வாங்கி, மேலே இருக்கிற கூண்டையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு பேர் மட்டும் உட்காருகிற மாதிரி, கூரையில்லாத வேகமான காராகக் கட்டிக் கொடுப்பது அவர்கள் தொழில். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மாதிரிக் காரில் அப்போது ஒரு பைத்தியமே இருந்தது.

முதல் காரிலேயே சண்டை வந்துவிட்டது. வண்டி தரையை ஒட்டித் தாழ்வாக இருந்தால்தான் வேகமெடுக்கும் என்றார் என் வீட்டுக்காரர். நம் ஊர் ரோட்டுக்கு வண்டியின் வயிறு உயரமாக இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும் என்றார் அண்ணன். ஒரு சாண் உயரம், அவ்வளவுதான் விஷயம். அதற்காக இரண்டு தடிமாடுகளும் நாள் கணக்கில் கத்திக்கொண்டு கிடந்து, கடைசியில் சொல்லக்கூடாத வார்த்தைகளையெல்லாம் சொல்லி முடித்தார்கள். அண்ணன் தன் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் போய்த் தனிப் பட்டறை வைத்தார். அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம் நான் அம்மா வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அந்த வருடம் எனக்கு வந்த பொங்கல் சீர்கூட ஒரு பஸ் கண்டக்டர் கையில்தான் வந்தது. கரும்பையும் சேலையையும் வாங்கி வைத்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் அந்தக் கரும்பில் ஒரு கணுகூடக் கடிக்கவில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் பக்கத்து மிட்டாதார், அதாவது சின்ன ஜமீன்தார், ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது. சீமையில் கார் செய்கிற கம்பெனிகள் தங்கள் கார்களை ஒன்றாக விட்டு இரவும் பகலும் ஓயாமல் ஓட்டுவார்களாம். எது கடைசி வரைக்கும் நிற்காமல் ஓடுகிறதோ அதுதான் நல்ல கார், அதைச் செய்தவன்தான் நல்ல கம்பெனிக்காரன். இதை அவர் ஏதோ பத்திரிகையில் படித்திருக்கிறார். தனக்கும் தன் சம்பந்திமார்களுக்கும் வேகமான கார் வேண்டும், சேலத்தானும் திருச்செங்கோட்டானும் ஓட்டிக் காட்டட்டும், ஜெயிக்கிறவனுக்கு அந்தக் கார்களைக் கட்டுகிற வேலை என்று சொல்லியனுப்பினார்.

ராசிபுரத்தில் புறப்பட்டு வெண்ணந்தூர் போய், அங்கிருந்து மல்லூர், மல்லூரில் பெரிய ரோட்டைப் பிடித்து மறுபடி ராசிபுரம். இந்தச் சுற்றில் பொழுது கிளம்பும்போது தொடங்கிப் பொழுது சாயும் வரை ஓட வேண்டும். வண்டி நிற்கலாம், இன்ஜின் நிற்கக்கூடாது. ஓடுகிற வண்டியில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும். மிட்டாதாரும் அவர் சம்சாரமும் போகப்போகிற கணக்காம் அது. பொழுது சாயும்போது இன்ஜின் நிற்காமல் ராசிபுரம் வந்து சேர்கிற வண்டிகளில் எது அதிகச் சுற்று ஓடியிருக்கிறதோ, அது ஜெயித்தது.

இரண்டு பட்டறைகளுமே அப்போது ஈயடித்துக்கொண்டிருந்தன. மிட்டாதார் வேலை கிடைக்காதவர் பட்டறையைப் பூட்டிவிட்டு மறுபடி பஸ் கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். இவர் ஜெயித்தால் அண்ணன் நடுத்தெருவில். அண்ணன் ஜெயித்தால் நாங்கள் நடுத்தெருவில். எது நடந்தாலும் அதன்பிறகு இவர்கள் ஜென்மத்துக்கும் பேசப்போவதில்லை. பட்டறை எக்கேடு கெட்டால் என்ன, எனக்கு என் அண்ணன் வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் எங்கள் பட்டறை ஆளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் பூசணிக்காயாகிவிட்டது. அவர்தான் இரண்டாவது ஆளாக உட்கார வேண்டியவர். வேறு யாரைக் கேட்டாலும், அந்த வண்டியிலா, ஒரு பகல் முழுக்கவா என்று நழுவினார்கள். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் வாரேனுங்க என்றேன். முறைத்தார். பெண்பிள்ளை உட்காரக் கூடாதென்று மிட்டாதார் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். தன் முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து என்னிடம் வீசினார்.

விடியற்காலையில் சேலைக்கு மேல் அவருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையைச் சுற்றித் துண்டைக் கட்டி, தூசிக் கண்ணாடி ஒன்றையும் மாட்டிக்கொண்டேன். கூத்துக் கோமாளிகூடக் கொஞ்சம் லட்சணமாக இருப்பான். ராசிபுரத்தில் கூடியிருந்த கூட்டம் வண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. அண்ணனும் பார்த்தார். அவருடைய வண்டி எங்களுடையதைவிட நன்றாக உயர்ந்து, கொக்கு மாதிரி நின்றது. அவர் பக்கத்தில் அவருடைய பட்டறை ஆள், ஆஜானுபாகுவான ஒருவர், உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அண்ணன் டயரை அமுக்கிப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

புறப்பட்டோம். முதல் இரண்டு சுற்றில் என் முதுகெலும்பு எத்தனை துண்டு என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. புழுதி, வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் புழுதி. எங்கள் வண்டி பறந்தது, பொய் சொல்லக்கூடாது. பஞ்சராகி நிற்போம், அண்ணன் கடந்துபோவார், மறுபடி எட்டிப் பிடித்து முந்துவோம். இப்படியே உச்சிப்பொழுது வந்தது. ஓட்டுகிறவருக்குக் கை ஒழியாது என்று புளிச்சோற்றை உருட்டி உருட்டி நான்தான் அவர் வாயில் கொடுத்தேன். அதை வெண்ணந்தூர் சந்தையே நின்று வேடிக்கை பார்த்தது. வெட்கப்படவும் நேரமில்லை.

வெண்ணந்தூர் தாண்டி ஓரிடத்தில் ரோடு ஒரு பெரிய சமதளப் பாறைமேல் ஏறி இறங்கும். பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கு அந்தப் பாறைதான் களம். அறுத்த கொள்ளுக்கொடியைக் காயவைத்து, மாட்டைச் சுற்றிச் சுற்றி மிதிக்க விட்டு, அதில்தான் கொள்ளு எடுப்பார்கள். காலையில் நாங்கள் போனபோது கொடி ஓரமாகக் குவிந்து கிடந்தது. ரோட்டில் இரண்டு கார் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வரப்போகிறது என்ற சேதி அந்தப் பெண்களுக்கு எட்டியதுதான் தாமதம், மூன்றாவது சுற்றில் போனால் பாதி ரோட்டுக்குக் கொடியைப் பரப்பிவிட்டார்கள். அடுத்த சுற்றில் ரோடே தெரியவில்லை. கடவுளே கூப்பிட்டு இரண்டு மாட்டை இனாமாகக் கொடுத்தால் யார்தான் விடுவார்கள்?

அந்த இடத்தில் வண்டி மெதுவாகத்தான் போக முடியும். ஒரு வயசான அம்மா முறத்தை ஆட்டி எங்களை நிறுத்தாத குறையாக, "சாமி, நடுவாலயே உடாதீங்க சாமி, ஓரத்துலயும் செத்த ஏத்துங்க" என்றார். வேறு யாராக இருந்தாலும் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். என் வீட்டுக்காரர் குடியானவர் வீட்டுப் பிள்ளையாயிற்றே. வெள்ளாமையைப் பார்த்ததும் மனசு இளகி, பந்தயத்தையும் மறந்து, இந்த ஓரம் ஒரு சுற்று, அந்த ஓரம் ஒரு சுற்று என்று கொடி நசுங்குகிற மாதிரி பதமாக ஏற்றி இறக்கினார். பின்னால் வந்த அண்ணனும் அப்படியே செய்தார். சீமையில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் இதைக் கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

கொள்ளு வறுக்கிற வாசனை எங்கள் பக்கத்து ஆட்களை என்ன செய்யும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. பகல் திரும்பிய பிறகு அந்த வாசனை எனக்கு வர ஆரம்பித்தது. வெண்ணந்தூர்க்காரிகள் யாரோ பருப்புக்கு வறுக்கிறார்கள் என்று நினைத்தேன். வாயில் எச்சில் ஊறியது. இன்னும் கொஞ்ச தூரம் போனாலும் வாசனை. மல்லூரிலும் வாசனை. இன்றைக்கு ஊர் முழுக்க ஒரே சமையல் போலிருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவரும் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, ராத்திரிக்கு நம் வீட்டிலும் கொள்ளுப் பருப்பு கடைந்துவிடு என்றார். காலடிப் பலகை சுடுகிறது என்றேன். இன்ஜின் சூடு அப்படித்தான் இருக்கும், காலைத் தூக்கி வைத்துக்கொள் என்றார். வாசனை எங்களோடு கூடவே சவாரி வருகிறதே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

விஷயம் என்னவென்றால், தரையை ஒட்டியிருந்த எங்கள் வண்டியின் வயிறு ஒவ்வொரு சுற்றிலும் கொடியை வாரி வாரி உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது. கொள்ளுக்கொடி கம்பி மாதிரி, சுற்றினால் விடாது. அது சூடான சைலன்சர் குழாய் மேல் கெட்டியாகப் படிந்து, எண்ணெயும் ஊறி, கொள்ளு வறுபட்டு, கடைசியில் பற்றிக்கொண்டது.

நாங்கள் அப்போது பாறையைத் தாண்டி ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் அண்ணன் விடாமல் ஹாரன் அடித்தார். வழி கேட்கிறார் என்று நினைத்து இவர் இன்னும் வேகமாக மிதித்தார். உங்கள் அண்ணன் வேலையைக் காட்டுகிறார், திரும்பிப் பார்க்காதே என்று என்னிடம் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எழுந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டிருந்தார். எங்கள் வண்டிக்கு அடியிலிருந்து நெருப்பு வால் மாதிரி பின்னால் நீண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் பெட்ரோல் டாங்கி.

"அம்மிணி, குதிச்சிரு! குதி சாமி!"

இரண்டு வருடத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

நான் ஒரு காலைத் தூக்கி வெளியே படியில் வைத்துவிட்டு, "ஏனுங்க, நீங்க நிறுத்துலீன்னா நான் குதிச்சிருவேனுங்க" என்றேன். சும்மா சொல்கிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் நாங்கள் கால் வைத்திருந்த பலகை வழியாக நெருப்பு மேலே வந்துவிட்டது. இன்ஜின் ஒரு தரம் இருமி நின்றுபோனது. எங்கள் பந்தயம் அதோடு முடிந்தது.

அண்ணன் பேசாமல் எங்களைத் தாண்டிப் போயிருக்கலாம். ஜெயித்தாயிற்று, இனி பொழுது சாயும் வரை மெதுவாக உருட்டினாலே போதும். அவர் தன் வண்டியை இன்ஜின் ஓடியபடியே நிறுத்திவிட்டு எரிகிற வண்டியைப் பார்த்து ஓடி வந்தார். பக்கத்துக் கிணற்றில் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். பாறையிலிருந்து பெண்களும் ஓடிவந்து, வாய்க்கால் சேற்றை முறத்தில் அள்ளி அள்ளி அடித்தார்கள். அண்ணனின் பட்டறை ஆள் குப்புறப் படுத்து, எரிகிற கொடியை வெறுங்கையால் பிடுங்கிப் பிடுங்கி வெளியே போட்டார். அவர் அதைச் செய்திருக்காவிட்டால் டாங்கி வெடித்திருக்கும், நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த மனிதரின் இரண்டு உள்ளங்கையும் தோல் வழன்றுபோயின. பெண்கள் அவரை மரத்தடியில் உட்கார்த்தி வாழைமட்டைச் சாறு பிழிந்து விட்டார்கள். முறம் ஆட்டிய அம்மா மட்டும் நெருப்பு அடங்கியதும், எங்கள் கொள்ளில் கால் பங்கை உங்கள் வண்டி தின்றுவிட்டதே என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். நியாயந்தானே!

பிறகு எல்லாரும் ஓய்ந்துபோனோம். என் வீட்டுக்காரர் சேறு பூசிய தன் வண்டியின் எலும்புக்கூட்டைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் சற்றுத் தள்ளி நின்றார். அவருடைய வண்டி மட்டும் ரோட்டில் தனியாக நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டினால் இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆளான பட்டறைக்காரராலோ விழாமல் இருக்கக் கம்பியைப் பிடிக்க முடியாது. இந்த லட்சணத்தில் இரண்டு பேருமே தோற்று, மிட்டாதார் மதராஸில் போய்ப் புதுக் கார் வாங்கிக்கொள்ளப் போகிறார். அண்ணன் இன்ஜினை நிறுத்தத் தன் வண்டியைப் பார்த்து நடந்தார். நான் போய் உட்காரலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். ஆனால் எப்படிப் போவது? போனால் நான் யார் பக்கம்?

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். போய் அண்ணன் வண்டியில் இரண்டாவது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அண்ணன் பிரமித்து நின்றுவிட்டார்.

"மச்சான், இஞ்சினு சும்மா ஓடீட்டிருக்குது. வாங்க."

"மாப்ள, நீங்க உக்காந்தீங்கன்னா உங்க பட்டறை..."

"தெரியுமுங்க. பொழுது எறங்குது, எடுங்க."

நான் அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வண்டி போனதற்காக அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண்கள் என்னைத் தேற்றினார்கள். தேற்றட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகு எனக்கு வேலை, அந்தப் பெண்களோடு கொள்ளுப் புடைப்பதும் ரோட்டைப் பார்ப்பதுந்தான். கொடியை ரோட்டிலிருந்து முழுக்க வாரிவிட்டோம். முதல் சுற்று முடிந்து அந்த வண்டி எங்களைக் கடந்தபோது, இரண்டு பேரும் போட்டோ ஸ்டுடியோவில் உட்கார்ந்த மாதிரி விறைப்பாக, ஆளுக்கொரு திக்கைப் பார்த்துக்கொண்டு போனார்கள். என்ன ஜென்மங்களோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நெருப்பில் விழுந்து எழுந்தும் புத்தி வரவில்லையே என்று முறத்தை ஓங்கித் தட்டினேன்.

அடுத்த சுற்றில் தூரத்திலேயே சத்தம் கேட்டது. இன்ஜின் சத்தத்துக்கு மேல் இவர்கள் சத்தம். அண்ணன் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மார்பு உயரத்துக்குக் காட்டுகிறார். இவர் தன் கையை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் காட்டுகிறார். வண்டி ரோட்டில் பாம்பு மாதிரி நெளிகிறது. பெண்கள் பயந்துபோய் முறத்தோடு ஒதுங்கினார்கள். மரத்தடியில் கையை ஏந்திக்கொண்டிருந்த பட்டறை ஆள் அவ்வளவு வலியிலும் சிரித்துவிட்டார். "சண்டை போட ஆரம்பிச்சுட்டாங்க அம்மிணி, இனி பயமில்லீங்க" என்றார். அவர் சொன்னது எனக்கு அப்படியே உள்ளே இறங்கியது. இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் இல்லாமல் போனது அந்தச் சண்டைதானே!

கடைசிச் சுற்றில் வெயில் மஞ்சளாகிவிட்டது. இப்போது ஓட்டியது என் வீட்டுக்காரர். அண்ணன் பக்கத்தில் சாய்ந்து, இன்ஜின் பக்கம் காதைக் கொடுத்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். இவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். ஒருத்தராவது என் பக்கம் திரும்ப வேண்டுமே? என்னைக் கண்ணெடுத்துக்கூடப் பார்க்காமல் பேசிக்கொண்டே போய்விட்டார்கள். இவர்களுக்காக இரண்டு வருடம் தலையணையை நனைத்தவள் நான். என் வாழ்க்கையில் என்னை ஒருவர் கவனிக்காமல் போனதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பொழுது சாய்ந்ததும் ராசிபுரத்தில் என்ன நடந்தது என்பதை நான் நேரில் பார்க்கவில்லை. அண்ணன் நடந்ததை மறைக்காமல் சொன்னாராம். மிட்டாதாரின் கணக்குப்பிள்ளை, இரண்டாவது ஆள் மாறிவிட்டது, அதுவும் எதிர்க்கட்சி ஆள், செல்லாது என்றாராம். மிட்டாதார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இரண்டு பேர் என்றுதான் சொன்னேன், எந்த இரண்டு பேர் என்று சொல்லவில்லையே என்றாராம். வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. மிட்டாதார் சிரித்தது முதலிலா கடைசியிலா என்பதற்கே இவர்கள் இருவரும் சாகும் வரை சண்டை போட்டார்கள்.

இருட்டி வருகிற நேரத்தில் என்னையும் கை சுட்டுக்கொண்ட ஆளையும் கூட்டிப் போக வந்தார்கள். அண்ணன் இறங்கி என் முன்னால் வந்து நின்றார். என் முகத்துச் சேற்றைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். "ஊட்டுக்குப் போலாம் அம்மிணி. அம்மா பாத்துக்கிட்டு இருக்கும்" என்றார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "போலாம், ஏறு" என்றார். இரண்டு பேருக்கான வண்டியில் நாலு பேர் அடைந்துகொண்டு திருச்செங்கோட்டுக்குப் போனோம். யார் மடியில் யார் உட்கார்ந்தோம் என்று கேட்காதீர்கள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. என் வீட்டுக்காரர் சேலம் பட்டறையைப் பூட்டத்தான் வேண்டியிருந்தது. எரிந்த வண்டியின் கூட்டைக் கொல்லையில் போட்டு, அதில் கோழி அடைவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு மாதம் உம்மென்று இருந்தார். அப்புறம் அண்ணனால் தனியாகச் சமாளிக்க முடியாத அளவுக்கு வேலை சேர்ந்து, ஒரு நாள் இவரே சொல்லாமல் கொள்ளாமல் திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏறிப் போனார். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் காரும், பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரி வாயுவில் ஓடுகிற பஸ்ஸும், பிறகு லாரியும் கட்டினார்கள். தினமும் கத்தினார்கள். ஒரு நாள் கத்தல் கேட்கவில்லையென்றால் என் அண்ணி காப்பியை எடுத்துக்கொண்டு என்ன ஏது என்று பார்க்கப் போய்விடுவார்.

இப்போது இரண்டு பேரும் இல்லை. எங்கள் குடும்பம் பெருத்துவிட்டது, பேச்சுவார்த்தை இல்லாமல் முறுக்கிக்கொண்டு திரிகிறவர்களும் நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். நான் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. ஏதாவது ஒரு வேலையைச் சாக்குச் சொல்லி இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாசலில் உட்கார்ந்து காத்திருப்பேன். வாய் திறக்காமல் போனவர்கள் திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சண்டைச் சத்தம் கேட்டால், அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வரும்.